புதுப்பிப்பு: டிஏசி இரைச்சல் போயே போச்சு

மவுஸை நகர்த்தினாலே ஹெட்போனில் கீச்சென்று கேட்கிறது, டிஏசியை (டிஜிட்டல் இசையை ஹெட்போனுக்கான ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) மாற்றலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். மாற்ற வேண்டாம். சார்ஜரைக் கழற்றிய லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தேன், சுத்த அமைதி, ஆக டிஏசியில் குறையில்லை, கம்ப்யூட்டருக்கும் ஆம்புக்கும் (ஒலி சிக்னலைப் பெருக்கும் கருவி) இடையிலான கிரவுண்ட் லூப்தான், அதாவது இரண்டின் எர்த் இணைப்பும் கேபிள் வழியாகச் சேர்ந்து உண்டாகும் மின்சுற்று. சென்னை ரிச்சி தெருவில் ஆப்டிகல் கேபிள் வாங்கி, யூஎஸ்பிக்குப் பதில் மாட்டினேன். அதில் ஒளி மட்டுமே போவதால் லூப் அறுந்துவிட்டது.

அப்புறம், நண்பரிடம் இரவல் வாங்கிய விலை கூடிய டிஏசிதான் பிரமாதம் என்று எழுதியிருந்தேன், அதைத் திரும்பப் பெறுகிறேன். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு மல்டிமீட்டரால் இரண்டின் வோல்டேஜையும் சமமாக்கிக் கேட்டால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. முன்பு விலை கூடியதன் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் மின்தடை அதிகமான என் 300 ஓம் ஹெட்போனுக்கு ஆம்ப் நிச்சயம் வேண்டும், அதை விற்க மாட்டேன்.