டர்போ காருக்கு 5000தான் கணக்கு

குழு: உப்புவெளி வீட்டார்
புதன்கிழமை, பின்னேரம்

அத்தான்: (படம்: முன் கண்ணாடியில் ஒட்டிய சர்வீஸ் ஸ்டிக்கர்)

அத்தான்: எங்கள் டொயோட்டா ரைஸ் காருக்கு ஒயில் மாற்றியாயிற்று. அடுத்தது 10,000 கிலோமீற்றர் ஓடிய பிறகு வந்தால் போதுமாம். நுவரெலியாவுக்கு இனிப் பயமில்லாமல் போகலாம்.

அக்கா: அப்ப சனிக்கிழமை போவது உறுதி.

பெரியம்மா: அதற்கு முன் வெள்ளிக்கிழமை என்னைப் பத்திரகாளி அம்மன் கோவிலுக்கு யார் கூட்டிப்போவது? அதையும் சொல்லுங்கள்.

சின்ன மாமா: மருமகன், அந்த 10,000ஐ யார் எழுதியது?

அத்தான்: சர்வீஸ் செய்த இடத்தில்தான் மாமா. பழைய காருக்கும் அப்படித்தான் எழுதித் தருவார்கள்.

சின்ன மாமா: பழைய காரில் டர்போ இல்லை. இதில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஸ்டிக்கரை ஒட்டுவது பிழை. ஜப்பானில் டொயோட்டா சாதாரண பெற்றோல் எஞ்சினுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்கிறது. அதே டொயோட்டா டர்போ பெற்றோல் எஞ்சினுக்கு 5000 அல்லது ஆறு மாதம் என்கிறது, எது முந்துகிறதோ அது. மலை றோட்டு, புழுதி, அடிக்கடி சின்னச் சின்ன ஓட்டம் என்றால் அதிலும் பாதி: 2500 அல்லது மூன்று மாதம். ஜப்பானில் இப்படிச் சொன்ன எஞ்சினுக்கு இங்கே 10,000 என்று எழுத ஒருவருக்கும் உரிமை இல்லை.

நான்: மாமா, அப்படி என்ன வித்தியாசம்? ஒயில் ஒயில்தானே?

சின்ன மாமா: நல்ல கேள்வி பிள்ளை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறு.

தம்பி: மாமா எழுதத் தொடங்கினால் நான் தேத்தண்ணி போட்டு வருகிறேன்.

சின்ன மாமா: ரைஸில் இருப்பது மூன்று சிலிண்டர், 996 சிசி. அவ்வளவு சின்ன எஞ்சின் 98 குதிரைவலு தருகிறது என்றால் காரணம் டர்போ. எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்றுக் கூடினால் கூடுதல் பெற்றோலை எரிக்கலாம், இழுவை கூடும். இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 2400 சுற்றிலேயே தன் முழு இழுவையையும், அதாவது 140 நியூட்டன் மீற்றரை, தந்துவிடும். அதனால்தான் 1000 சிசி என்று தெரியாமல் ஓடுகிறது.

சின்ன மாமா: இப்போது ஒயிலுக்கு வருகிறேன். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் தண்டு இரும்பின் மேல் உரசி நின்றால் சில நொடியில் போய்விடும். அது நிற்பது ஒயில் படலத்தின் மேல். மெல்லிய படலம்தான், ஆனால் அது இருக்கும்வரை இரும்பும் இரும்பும் தொடாது. ஒரு பக்கம் புகை 900 பாகை செல்சியசைத் தாண்டிய சூட்டில் வருகிறது. அதற்குச் சில அங்குலம் தள்ளித்தான் ஒயில் ஓடுகிறது. அந்தச் சூட்டில் பழைய ஒயில் கருகிக் கரியாகும். கரி ஒயில் வரும் சின்னக் குழாயை அடைக்கும். குழாய் அடைந்தால் தண்டுக்கு ஒயில் போகாது. டர்போ போவது பெரும்பாலும் இப்படித்தான்.

அக்கா: புதிய டர்போ மலிவில்லை என்று கேள்விப்பட்டேன்.

சின்ன மாமா: மலிவே இல்லை. அதன் விலையில் எத்தனையோ தரம் ஒயில் மாற்றலாம்.

பெரியம்மா: நீ துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தபோதும் டர்போ என்றுதானே சொல்வாய்? அது வருடக்கணக்காக ஓடியதே.

சின்ன மாமா: ஓம் அக்கா, அது டீசல். டீசலின் புகைச் சூடு பெற்றோல் அளவுக்கு ஏறாது. படகு எஞ்சின் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும், கார் போல ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று தொடங்குவதில்லை. அங்கேயும் ஒயிலை நேரம் பார்த்துத்தான் மாற்றுவோம், ஒரு நாளும் தள்ளிப்போட விடமாட்டார்கள்.

அத்தான்: சரி மாமா, ஸ்டிக்கரை மறந்துவிடுகிறேன். 5000க்கு மாற்றுகிறேன்.

சின்ன மாமா: என்ன ஒயில் ஊற்றினார்கள்? பில்லைப் போடுங்கள்.

அத்தான்: (படம்: பில்)

சின்ன மாமா: 20டபிள்யூ-50.

அத்தான்: திருகோணமலைச் சூட்டுக்குத் தடித்த ஒயில்தான் நல்லது என்றார்கள்.

சின்ன மாமா: இது பழைய வேனுக்குச் சொல்லும் கதை. காலையில் சாவி திருப்பியதும் ஒயில் டர்போ தண்டுக்குப் போய்ச் சேர வேண்டும். தடித்த ஒயில் மெதுவாகப் போகும், அது வரும்வரை தண்டு காய்ந்து சுற்றும். வெளியே 35 பாகை என்றால் என்ன, எஞ்சினுக்குள் கூலன்ட் என்ற குளிர்விக்கும் நீரும் அதைத் திறந்து மூடும் தேர்மோஸ்டாட்டும் சூட்டை ஓரளவில் வைத்திருக்கும். எந்தத் தடிப்பு என்பதைக் காரோடு வந்த கையேடு சொல்லும், அதைப் பாருங்கள். அங்கே 20டபிள்யூ-50 இருக்காது.

அத்தான்: கையேடு ஜப்பான் மொழியில் மாமா.

தம்பி: படம் எடுத்துப் போடுங்கள் அத்தான், போனில் மொழிபெயர்க்கலாம். எண்கள் எப்படியும் எண்கள்தான்.

பெரியம்மா: சீனன்குடாவில் ஒயில் கலக்கும் ஆலை இருக்கிறதே, அந்த ஒயிலை வாங்கினால் ஆகாதா?

சின்ன மாமா: ஆகும். பெயர் எதுவானாலும் ஒயில் கலனில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று கையேட்டில் உள்ள தடிப்பு. மற்றது ஏபிஐ எஸ்பி என்ற தரம். எஸ்பி 2020இல் வந்தது. சின்ன டர்போ எஞ்சின்களில் பிளக் தீப்பொறி விடும் முன்பே பெற்றோல் தானாகப் பற்றி அடிக்கும் நோயைத் தடுக்க அந்தத் தரத்தில் தனிச் சோதனை உண்டு. அந்த அடி பிஸ்டனை உடைக்கும். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கொழும்பு அண்ணா: இப்போதுதான் படித்தேன். மாமா, என்னுடைய சிவிக் 1000 சிசி டர்போவுக்கும் இதே கணக்கா?

சின்ன மாமா: உனக்கு இன்னும் கவனம் வேண்டும். ரைஸில் டைமிங் செயின். உன்னுடைய எஞ்சினில் டைமிங் பெல்ட், அதுவும் ஒயிலுக்குள்ளேயே நனைந்து ஓடும் பெல்ட். ஒயில் கெட்டால் பெல்ட் உரியும். உரிந்த துகள் ஒயில் பம்பின் வலையை அடைக்கும். அடைத்தால் முதலில் பட்டினி கிடப்பது டர்போ. பெல்ட்டை எப்போது பார்த்தாய்?

கொழும்பு அண்ணா: வாங்கியதில் இருந்து பார்த்ததில்லை. அங்கே பெல்ட் இருக்கிறது என்பதே யாரும் சொல்லவில்லை.

சின்ன மாமா: இந்தக் கிழமையே திறந்து பார்க்கச் சொல். உன்னுடையது பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் அடிக்கும் வகை. கொழும்பு நெரிசலில் சின்ன ஓட்டமாக ஓடினால் எரியாத பெற்றோல் ஒயிலில் கலக்கும். ஒயில் அளவு பார்க்கும் கம்பியை, டிப் ஸ்டிக்கை, எடுத்து மணந்து பார். அளவு ஏறியிருந்தாலோ பெற்றோல் மணத்தாலோ கிலோமீற்றர் பார்க்காமல் மாற்று.

நான்: அத்தானும் தினமும் உப்புவெளியில் இருந்து டவுனுக்குத்தானே ஓடுகிறார். அதுவும் சின்ன ஓட்டம்.

சின்ன மாமா: சரியாகப் பிடித்தாய். எஞ்சின் முழுதாகச் சூடாகும் முன் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒயிலில் தண்ணீரும் பெற்றோலும் தங்கும். கிழமைக்கு ஒருமுறையாவது குச்சவெளி வரை ஓட்டி வாருங்கள், அவை ஆவியாகிப் போகும். 5000 என்று சொன்னேன், ஆனால் இப்படிச் சின்ன ஓட்டமே ஓடினால் முதலில் சொன்ன 2500 அல்லது மூன்று மாதம்தான் கணக்கு.

அக்கா: கடைசியாகப் பெற்றோல். 92ஆ, 95ஆ?

சின்ன மாமா: ரைஸ் ஜப்பானில் ரெகுலர் பெற்றோலில் ஓடும் கார், அங்கே ரெகுலர் என்பது 90 ஒக்டேன் அளவு. 92 தாராளம். 95க்குக் கொடுக்கும் காசை ஒயிலுக்கும் காற்று பில்டருக்கும் கொடுங்கள். நிலாவெளிப் பக்கத்து மணல் பொல்லாதது. பில்டர் கிழிந்து ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் இலட்சம் சுற்றில் ஓடும் சக்கரத்தின் இதழில் அடிக்கும்.

தம்பி: மாமா, சிப் மாற்றி டர்போ அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றலாமாம். கண்டியில் ஒருவர் செய்கிறார். 20 குதிரைவலு கூடுமாம்.

சின்ன மாமா: வேண்டாம்.

சின்ன மாமா: அழுத்தம் ஏறினால் சிலிண்டருக்குள் சூடு ஏறும், அந்த முன்கூட்டிய அடி வரும், மூன்று சிலிண்டரின் பிஸ்டன் தாங்காது. எஞ்சினோடு பூட்டிய சிவிடி என்ற தானியங்கிக் கியர்பெட்டியும் அந்த இழுவைக்குச் செய்ததில்லை. அக்காவின் பிள்ளைகள் ஏறும் காரில் இந்தச் சோதனை எல்லாம் செய்யாதே.

தம்பி: சரி மாமா, செய்யவில்லை.

அத்தான்: நுவரெலியா ஏற்றத்தில் இந்த 1000 சிசி தாங்குமா மாமா? இதுதான் எனக்குப் பயம்.

சின்ன மாமா: அங்கேதான் டர்போவின் நன்மை தெரியும். உயரம் போகப் போகக் காற்று மெலியும். நுவரெலியா 1868 மீற்றர். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். டர்போ சுற்றைக் கூட்டி அந்தக் காற்றை ஈடு செய்யும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரை சமதளம், அதில் ஒன்றும் இல்லை. யானைக்கு மட்டும் பார்த்துப் போங்கள். கம்பளை தாண்டி புசல்லாவை, ரம்பொடை ஏற்றத்தில்தான் டர்போ முழுவதாக வேலை செய்யும்.

சின்ன மாமா: ஆனால் ஒன்று. ரம்பொடையில் அருவி பார்க்க நிறுத்துவீர்கள். ஏறி வந்த வேகத்தில் உடனே எஞ்சினை அணைக்காதீர்கள். அணைத்தால் ஒயில் பம்பும் நிற்கும், சிவந்த சூட்டில் இருக்கும் டர்போவில் தேங்கிய ஒயில் அங்கேயே வறுபடும். ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். பிள்ளைகள் இறங்கும் நேரம் போதும். டவுனுக்குள் ஓடும்போது இது தேவையில்லை, மெதுவாக வீட்டுக்கு வந்தால் டர்போ தானாக ஆறியிருக்கும். இப்போது வரும் டர்போவில் பெரும்பாலும் கூலன்டும் சுற்றும், அதனால் சாவி எடுத்த பிறகும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடும் டைமர் கருவி தனியாகப் பூட்டவும் தேவையில்லை. ஆனால் மலையேறி வந்த பிறகு அந்தப் பொறுமை வேண்டும்.

அக்கா: கார் நின்றால் ஐடில் ஸ்டொப் தானாக எஞ்சினை அணைக்குமே?

சின்ன மாமா: மலையில் அந்தப் பொத்தானை அழுத்தி அதை நிறுத்திவையுங்கள் பிள்ளை.

அத்தான்: வேறு ஏதும் பார்க்க வேண்டுமா?

சின்ன மாமா: ரேடியேட்டர், டர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இரண்டின் இதழ்களிலும் கடற்காற்று உப்புப் படியும். நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள், வேகக் குழாயால் அடித்தால் இதழ் மடங்கும். ஏற்றத்தில் இழுவை திடீரென்று குறைந்து "உஸ்" என்று காற்றுச் சத்தம் கேட்டால் டர்போவில் இருந்து வரும் ரப்பர் குழாய் கழன்றிருக்கலாம், கிளிப்பை இறுக்கினால் சரி. நீலப் புகை வந்தால் அது வேறு, ஒயில் எரிகிறது. அளவு பாருங்கள், குறைந்திருந்தால் ஓட்ட வேண்டாம்.

கொழும்பு அண்ணா: பிளக்?

சின்ன மாமா: கையேட்டில் உள்ள வகை மட்டும். டர்போவில் அழுத்தம் கூட, இடைவெளி தேய்ந்து விரிந்தால் தீப்பொறி தாண்டாது, ஏற்றத்தில் இழுத்து இழுத்து ஓடும். மலிவுப் பிளக் வாங்கி அதைத் தேடிக்கொள்ளாதே.

அத்தான்: அப்ப 20டபிள்யூ-50ஐ என்ன செய்வது? போன மாதச் சம்பளத்தில் போட்டது மாமா.

சின்ன மாமா: தெரியும் மருமகன். ஆனாலும் அந்த ஒயிலோடு ரம்பொடை ஏற நான் விடமாட்டேன். புது ஒயிலுக்குப் பாதிப் பணம் நான் தருகிறேன்.

அத்தான்: வேண்டாம் மாமா, நான் பார்க்கிறேன்.

அக்கா: எப்போது மாற்றுவது?

சின்ன மாமா: வெள்ளிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு என் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், உவர்மலைக்கு. பக்கத்துக் கராஜ் பாஸிடம் சொல்லி வைக்கிறேன், நான் கூட நிற்கிறேன். ஒயில் பில்டரும் புதிதாகப் போட வேண்டும். வரும்போது கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாருங்கள். பழைய ஒயிலை வடிகானில் ஊற்றவிடாமல் கலனில் எடுத்து வைக்கச் சொல்கிறேன், இல்லாவிட்டால் அது நேரே கடலுக்குத்தான் போகும்.

பெரியம்மா: என்னுடைய கோவில்?

சின்ன மாமா: ஒயில் மாற்ற ஒரு மணித்தியாலம் போதும் அக்கா. 5.30க்கு அதே காரில் உங்களை ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போகிறோம்.

அக்கா: சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்புகிறோம். சாப்பாட்டுப் பார்சல் என் பொறுப்பு.

தம்பி: (படம்: கையேட்டின் பக்கம்) அத்தான், நீங்கள் அனுப்பியதை மொழிபெயர்த்தேன். டர்போவுக்கு 5000, ஆறு மாதம் என்றுதான் இருக்கிறது. ஸ்டிக்கரைக் கழற்றிவிடுங்கள்.