காகிதக் கவசம் போட்டுக்கொண்டு போருக்குப் போனார்களா?

பழையபேட்டை:
சீன வரலாற்றுத் தொடர் ஒன்றில் ஒரு படையே காகிதக் கவசம் மாட்டிக்கொண்டு வருகிறது. கதை விடுகிறார்களா, நிஜமாகவே இருந்ததா? மழை பெய்தால் கூழாகிவிடாதா?

கல்தச்சன்:
இருந்தது. தாங் அரச வம்சக் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், சூ ஷாங் என்ற அதிகாரி ஆயிரம் பேருக்கு மடித்த காகிதத்தில் கவசம் செய்து கொடுத்தார், வலுவான அம்பும் அதைத் துளைக்கவில்லை என்று அரச வரலாற்றிலேயே இருக்கிறது. 1040இல் சோங் அரசு 30,000 காகிதக் கவசம் செய்து வடமேற்கே ஷான்ஷி பகுதி வில்லாளிகளுக்குக் கொடுக்கச் சொல்லித் தென்பகுதிகளுக்கு உத்தரவு போட்டது. நோட்டுத் தாளை நினைத்தால் சிரிப்புதான் வரும்; இது மரப்பட்டை நாரில் செய்த காகிதம், லேசில் கிழியாது. மிங் காலக் (14–17ஆம் நூற்றாண்டு) குறிப்பு ஒன்றில் செய்முறையே உண்டு: தாளை அடித்து மிருதுவாக்கி, மூன்று அங்குலக் கனத்துக்கு அடுக்கி, சதுர அங்குலத்துக்கு நான்கு ஆணி. நனைந்தால் அம்பும் குண்டும் துளைப்பது கஷ்டமாம். மூன்று அங்குலம் என்பது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் படுகிறது.

துறைமுகவாசி:
கடற்கரையில் இரும்பைவிட இதற்குத்தான் மவுசு. சூவான்சௌ துறைமுகத்தில் (1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த அதே ஊர்) 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அதிகாரியாக இருந்த சென் தெசியூ, கடற்படை முகாமில் இருந்த 100 இரும்புக் கவசங்களில் பாதியைக் கொடுத்துவிட்டுக் காகிதக் கவசம் வாங்கிக்கொள்ளலாம் என்று மேலிடத்துக்கு எழுதினார். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், இரும்போடு கடலில் விழுந்தவன் கதையும் அவ்வளவுதான்.

மெத்தைக்கடை பேரன்:
பஞ்சுக் கவசத்தை விட்டுவிட்டீர்களே! அதே மிங் குறிப்பில் வருகிறது. 7 ஜின் பஞ்சு, அதாவது சுமார் 4 கிலோ, துணிக்குள் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தடித்த நூலில் நெருக்கித் தைத்து, தண்ணீரில் ஊறவைத்து, தரையில் போட்டுக் காலால் மிதித்துக் காயவைப்பார்கள். தாத்தா பஞ்சு உப்பி நிற்கத்தான் பாடுபடுவார், இவர்களுக்கு நேர்மாறாக அது உப்பவே கூடாது. மழையில் கனக்காது, துப்பாக்கிக் குண்டுகூடப் பெரிய காயம் செய்யாது என்று எழுதியிருக்கிறார்கள்.

பழையபேட்டை:
அப்படியென்றால் மியூசியங்களில் வரிசையாகக் குமிழ் வைத்த சிங் காலக் (மிங்குக்கு அடுத்த வம்சம்) கோட்டு இருக்கிறதே, அதுவும் பஞ்சுதானா?

கல்தச்சன்:
முதலில் உள்ளே இரும்புத் தகடு இருந்தது, குமிழ் அதைப் பிடித்த ஆணியின் தலை. பிற்காலத்து அணிவகுப்புக் கோட்டுகள் பலவற்றில் தகடு போய்விட்டது, ஆணி மட்டும் அழகுக்கு நிற்கிறது.