அப்பாவின் கருவி யாரிடம் இருக்கிறது?

நான்: பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை, முறுக்கிய ரப்பரால் விசிறி சுழன்று பறக்கும் மாதிரி விமானங்களுக்கான உள்ளரங்குப் போட்டி. என் விமானத்தின் 2 மி.மீ. அகல ரப்பர் அறுந்துவிட்டது. அதே பட்டை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, 3 மி.மீ. பட்டையும் இருக்கிறது. எதைப் போடட்டும்?

அத்தை: தடியானதைப் போடு. அறுந்துபோகாது.

பெரியப்பா: வேண்டாம், அவசரப்படாதே. எடை ஒன்றாக இருந்தால் இரண்டு பட்டையும் ஏறத்தாழ ஒரே அளவு சக்தியைத்தான் சேர்த்துவைக்கும். அகலமான பட்டை குட்டையாகிவிடும். விசை அதிகம், ஏற்றக்கூடிய சுற்றுகள் குறைவு. விமானம் விருட்டென்று ஏறிக் கூரையில் முட்டும். ஒடுக்கமானதில் சுற்றுகள் நிறைய ஏறும், ஆனால் விசை போதாவிட்டால் பாதியிலேயே இறங்கிவிடும். எஃப் 1 டி என்ற சர்வதேச உள்ளரங்குப் போட்டிப் பிரிவில் 0.4 கிராம் ரப்பரை வைத்துக்கொண்டு உயரமான அரங்குகளில் 20 நிமிடத்துக்கு மேல் பறக்கவிடுகிறார்கள். எல்லாம் அந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது.

அம்மா: கூரை என்றதும் நினைவு வந்தது. உங்கள் அப்பா வீட்டுக் கூரை ஒழுகுகிறதே, மூவரும் பேசினீர்களா?

சித்தப்பா: அடுத்த வாரம், அண்ணி.

அத்தை: போன மழைக்கும் இதையேதான் சொன்னாய்.

பெரியப்பா: முதலில் பையனுக்குப் பதில் சொல்கிறேன். இறங்கியபோது எத்தனை சுற்று மிச்சம் இருந்தது?

நான்: 1,200 ஏற்றினேன். ஏறத்தாழ 400 மிச்சம்.

பெரியப்பா: அப்படியானால் 2 மி.மீ. உன் விசிறிக்குப் போதவில்லை. 3 மிக அதிகம். அதன் அகலத்தைச் சீவி 2.3 மி.மீ. ஆக்கு. பழைய ரப்பரின் எடைக்குச் சரியாக வெட்டு. விசிறி மேலேயே நின்றுவிட்டால் இன்னும் கொஞ்சம் சீவலாம். எண்ணெய் பூசினாயா?

நான்: இல்லை.

பெரியப்பா: அதனால்தான் அறுந்தது! சிலிகான் எண்ணெய் மெல்லியதாகப் பூசு. ஐந்து மடங்கு இழுத்துப் பிடித்துப் பாதிச் சுற்றுகளை ஏற்று. மீதியை, இழுப்பை மெல்லக் குறைத்து உள்ளே வந்தபடி ஏற்று.

அக்கா: இழுத்துப் பிடிக்க நான் வருகிறேன்.

பெரியப்பா: சீவுவதற்கு அப்பாவின் கருவி வேண்டும். யாரிடம் இருக்கிறது?

அத்தை: தம்பியிடம். 12 வருடமாக.

சித்தப்பா: அப்பா எனக்குத் தந்தது அது.

பெரியப்பா: எல்லோருக்கும் என்று சொல்லித்தான் தந்தார்.

நான்: சித்தப்பா, சனிக்கிழமை காலையில் வரட்டுமா?

சித்தப்பா: மாலையில் வா. பரணில் தேட வேண்டும். கத்தி துருப்பிடித்திருக்கலாம்.

பெரியப்பா: துரு ஆகாது, பட்டையின் ஓரம் பிசிறடிக்கும். புதுக் கத்தி நான் கொண்டு வருகிறேன்.

அத்தை: நீயே அங்கே போகிறாயா, அண்ணா?

பெரியப்பா: பையனுக்காக.

அம்மா: நல்லது. அப்படியே கூரையையும் பேசிவிடுங்கள்.

சித்தப்பா: சனிக்கிழமை பார்ப்போம்.