மடிக்கணினியின் வெப்பத்துக்கு ஒரு சொல்: ‘வடிகால் அளவு’ என்ற முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

மெல்லிய மடிக்கணினிகளுக்கு வரைகலைச் சில்லு (கிராஃபிக்ஸ் சிப்) தேர்ந்தெடுப்பது பற்றி நாம் எழுதிவரும் கையேட்டில், ஆங்கிலத்தில் டிடிபி (தெர்மல் டிசைன் பவர்) என்று சுருக்கி வழங்கும், வெப்பத்தை வாட்டில் சொல்லும் அளவுக்குத் தமிழில் எந்தச் சொல்லை இடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. ‘வெப்ப வடிவமைப்புத் திறன்’, ‘வெப்ப வரம்பு’, ‘வெப்பக் கொள்ளளவு’ ஆகிய மூன்றும் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இம்மூன்றும் வாங்குபவரை வெவ்வேறு வகையில் தவறான பக்கம் திருப்பிவிடும் என்று நான் கருதுவதால், ‘வெப்ப வடிகால் அளவு’, சுருக்கமாக ‘வடிகால் அளவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு சில்லு உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அறுபது வாட் மின்சாரம் உள்ளே போனால், அறுபது வாட் வெப்பம் வெளியே போயாக வேண்டும். அவ்வெப்பம் சில்லிலிருந்து வெப்பப் பசை வழியாகச் செப்புக் குழாய்க்குச் சென்று, அங்கிருந்து விளிம்பில் அடுக்கிய மெல்லிய தகடுகளை அடைந்து, விசிறி தள்ளும் காற்றோடு வெளியேறுகிறது. பதினெட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள மடிக்கணினி உடலில் இந்தப் பாதை முழுவதும் குறுகலானது: குழாய் தட்டையாக்கப்பட்டிருக்கும், விசிறி மெலிந்திருக்கும், காற்று நுழையும் துளைகள் மேசையை ஒட்டியிருக்கும். ஆகவே அந்த உடல் நொடிதோறும் எவ்வளவு வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றும் என்பதே அதற்குள் எந்தச் சில்லை வைக்கலாம், எவ்வளவு வேகத்தில் ஓட்டலாம் என்பதை முடிவுசெய்கிறது. நாம் பெயரிட வேண்டியது இந்த அளவுக்குத்தான்.

இப்போது ‘வெப்ப வடிவமைப்புத் திறன்’ என்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வாட்டில் அளக்கப்படும் கணியத்துக்குத் ‘திறன்’ என்று பெயர். ஆகவே இலக்கணப்படி குறை சொல்ல இடமில்லை. ஆனால் கணினி பற்றி எழுதும்போது இதே ‘திறன்’ செயல்திறனையும் நினைவகத் திறனையும் குறித்துப் பழகிவிட்டது. கடையில் பெட்டியின் மேல் ‘வெப்ப வடிவமைப்புத் திறன் 115 வாட்’ என்று படிப்பவர், அதை ஒரு சிறப்பு என்று எடுத்துக்கொள்வாரே ஒழிய, இவ்வளவு வெப்பத்தை அகற்றியாக வேண்டும் என்ற கட்டாயமாக எடுத்துக்கொள்ள மாட்டார். இலங்கை நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பாடநூல்கள் இக்கணியத்தை ‘வலு’ என்கின்றன, திறன் என்ற சொல்லை வினைத்திறன் போன்ற இடங்களுக்கு விட்டுவைக்கின்றன. நாம் ஆக்கும் கையேட்டை இரு நாட்டவரும் படிப்பார்கள் என்பதால், திறனா வலுவா என்ற பழைய வழக்குக்குள் போகாத சொல் ஒன்று கிடைத்தால் அதுவே நல்லது.

‘வெப்ப வரம்பு’ காதுக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் வரம்பு என்றதும் மனம் வெப்பநிலைக்குப் போகிறது. சில்லு நூறு டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது போன்ற எல்லைக்கு அச்சொல் மிகப் பொருத்தமானது. டிகிரியில் சொல்லும் எல்லை வேறு, வாட்டில் சொல்லும் அளவு வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இத்துறையில் எழுதுவோரிடம் மிகுதியாகக் காணும் பிழை. எனவே ‘வெப்பநிலை வரம்பு’ என்று ‘நிலை’ சேர்த்து, அதை டிகிரிக்கே ஒதுக்கிவிடலாம்.

மூன்றாவதான ‘வெப்பக் கொள்ளளவு’ ஏற்கெனவே கையாளப்படும் சொல். ஒரு பொருளின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவைப்படும் வெப்பத்தை இலங்கைப் பாடநூல்கள் அப்படித்தான் குறிக்கின்றன. தமிழ்நாட்டில் அது வெப்ப ஏற்புத்திறன். அதைவிட முக்கியமான மறுப்பு ஒன்றும் உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று செய்தியில் சொல்வார்கள். அதே செய்தியில், மதகு வழியே விநாடிக்கு இத்தனை கன அடி நீர் திறந்துவிடப்படுகிறது என்றும் சொல்வார்கள். முன்னது தேக்கி வைப்பது, பின்னது வெளியே விடும் வீதம். வாட் என்பது வீதம். அதைக் கொள்ளளவு என்று அழைத்தால் அடிப்படையே பிறழ்ந்துவிடும்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. இன்டெல் 2021-இல் தன் பன்னிரண்டாம் தலைமுறைச் செயலிகளுடன் (பிராசசர்) டிடிபி என்ற பெயரையே கைவிட்டு, அடிப்படை மின்திறன், உச்ச டர்போ மின்திறன் என இரண்டு எண்களைத் தரத் தொடங்கியது. மெல்லிய மடிக்கணினிகளில் இடம்பெற்ற ஐ7-1260பி செயலிக்கு அவை முறையே 28 வாட், 64 வாட். வேலை தொடங்கிய சிறிது நேரம் அச்செயலி 64 வாட் வரை உண்ணலாம். அப்போது வரும் மிகை வெப்பத்தைச் செப்பும் அலுமினியமும் தம்முள் வாங்கித் தேக்கிக்கொள்கின்றன. அவை சூடேறி முடிந்ததும், வெளியேறும் அளவுக்கு மேல் உள்ளே அனுமதிக்க வழியில்லை. முதல் கட்டத்தை ஆள்வது கொள்ளளவு, அதன் பின் வரும் மணிக்கணக்கான நேரத்தை ஆள்வது வடிகால் அளவு. மதிப்புரைகளில் ஒரு நிமிடச் சோதனையில் முந்தும் கணினி, அரை மணி நேரக் காணொளித் தொகுப்பில் பின்தங்குவது இதனால்தான். இரு சொற்களும் நமக்குத் தேவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் இதை விளக்கவே முடியாமல் போகும்.

‘வடிகால்’ என்பதை நான் தேர்ந்ததற்கு முதற்காரணம், அச்சொல் அளவைச் சில்லின் மேல் ஏற்றாமல் உடலின் மேல் ஏற்றுகிறது என்பது. சில்லு தயாரிப்பவர் தரும் எண்ணும், மடிக்கணினியின் உடல் வெளியேற்றும் அளவும் ஆங்கிலத்திலும் ஒரே சுருக்கெழுத்தின் கீழ்க் கலந்து கிடக்கின்றன. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 மடிக்கணினி வரைகலைச் சில்லுக்கு அந்நிறுவனம் தரும் மின்திறன் 35 முதல் 115 வாட் வரை. ஆர்டிஎக்ஸ் 4070-க்கும் அதே வீச்சுத்தான். அந்த வீச்சுக்குள் எந்த எண் என்பதை முடிவுசெய்பவர் மடிக்கணினியை வடிவமைப்பவர். ஆகவே மெலிந்த உடலில் ஐம்பது வாட்டுக்குள் அடைக்கப்பட்ட 4070, தடித்த உடலில் நூறு வாட் பெறும் 4060-ஐவிடப் பின்தங்க முடியும். மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090 என்பது 16,384 கருக்களுடன் (கணக்கிடும் சிறு அலகுகள்) 450 வாட் உண்பது. அதே எண்ணைத் தாங்கிய மடிக்கணினிச் சில்லு 9,728 கருக்களையும் அதிகபட்சமாக 150 வாட்டையும் கொண்டது. பெயரைப் பார்த்து வாங்குபவர் ஏமாறுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

விசிறியே இல்லாத உடலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆப்பிள் 2020-இல் எம்1 சில்லை விசிறியற்ற மேக்புக் ஏரிலும், விசிறியுள்ள பதின்மூன்று அங்குல மேக்புக் புரோவிலும் வைத்தது. குறுகிய வேலைகளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நீண்ட வேலைகளில் ஏரின் வேகம் தணிகிறது, புரோவின் வேகம் நிலைக்கிறது. சில்லு ஒன்று, வடிகால் அளவு இரண்டு என்று இதை ஒரே தொடரில் சொல்லிவிடலாம். முன்சொன்ன மூன்று சொற்களில் எதைக்கொண்டும் அப்படிச் சொல்ல இயலவில்லை.

இரண்டாவது காரணம் நம் ஊரைப் பற்றியது. வெப்பம் வெளியேறும் வீதம், சில்லின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. சில்லு 95 டிகிரி வரை போகலாம் என்றும், 25 டிகிரி அறையில் ஓர் உடல் 60 வாட்டை வெளியேற்றுகிறது என்றும் கொள்வோம். அங்கே வேறுபாடு 70 டிகிரி. அதே கணினியைச் சென்னையின் மே மாதத்தில், குளிரூட்டியில்லாத 40 டிகிரி அறையில் வைத்தால் வேறுபாடு 55 டிகிரியாகச் சுருங்குகிறது. வெளியேறும் வெப்பமும் அதே விகிதத்தில் குறைந்து 47 வாட் ஆகிவிடும். சில்லு மாறவில்லை, உடல் மாறவில்லை, ஆயினும் பதின்மூன்று வாட் போய்விட்டது. குளிரூட்டிய அறையில் எழுதப்பட்ட மதிப்புரையை நம்பி வாங்கும் நம் மாணவர்களுக்கு இந்தக் கணக்கைக் கையேடு கட்டாயம் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘வடிகால் அளவு’ இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும் என்று சொன்னால் தமிழ் படிப்பவருக்கு அது உடனே புரியும். ‘வடிவமைப்புத் திறன்’ மாறும் என்று சொன்னால் புரியாது, ஏனெனில் வடிவமைத்தது எப்படித் தானாக மாறும் என்றே கேட்கத் தோன்றும்.

வடிகால் என்றால் நீர்மத்தைத்தானே குறிக்கும், நீர்மக் குளிரூட்டலோடு குழம்பாதா என்று கேட்கப்பட்டது. மனக்குமுறலுக்கு வடிகால் என்று நாள்தோறும் எழுதுகிறோம். அங்கே நீர் ஏதுமில்லை. தவிர, செப்புக் குழாயினுள்ளும் சிறிதளவு நீர் ஆவியாகிச் சென்று, குளிர்ந்து திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. சாக்கடை நினைவு வருகிறது என்ற மறுப்பை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. மழைநீர் வடிகால் என்பது இன்று எல்லா நகராட்சி அறிவிப்பிலும் உள்ள மதிப்பான சொல்.

சில்லின் பக்கத்து எண்ணுக்கு ‘வரையறுத்த மின்திறன்’ என்று வைத்துக்கொள்ளலாம். இலங்கைப் பதிப்பில் அது ‘வரையறுத்த வலு’ ஆகட்டும். அப்படி இரண்டையும் பிரித்துவிட்டால், தேர்வு பற்றிய அத்தியாயத்தின் மையக் கருத்து எளிதாகிறது. சில்லின் மின்திறன், அதன் மின்னழுத்தத்தின் இருமடியையும் அதிர்வெண்ணையும் சார்ந்தது. அதிர்வெண்ணை இருபது விழுக்காடும் மின்னழுத்தத்தைப் பதினைந்து விழுக்காடும் குறைத்தால் இயங்கு மின்திறன் ஏறத்தாழ 58 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். 2017-இல் என்விடியா மேக்ஸ்-கியூ என்ற பெயரில் செய்தது இதைத்தான்: மேசைக் கணினியில் 180 வாட் உண்ட ஜிடிஎக்ஸ் 1080-இன் 2,560 கருக்களையும் அப்படியே வைத்து, அவற்றை 90 முதல் 110 வாட்டுக்குள் மெதுவாக ஓட்டியது. எனவே வடிகால் அளவு குறைவாக இருக்கும்போது, சிறிய சில்லை முழு மூச்சில் ஓட்டுவதைவிடப் பெரிய சில்லை நிதானமாக ஓட்டுவது பெரும்பாலும் நல்ல பயன் தரும். ஆனால் பெரிய சில்லுக்கு விலை அதிகம். முப்பது வாட்டுக்குக் கீழே போனால் தனி வரைகலைச் சில்லு வைப்பதில் பொருளே குறைந்துவிடுகிறது. அங்கே ஏஎம்டியின் ரேடியான் 780எம் போலச் செயலியோடு உள்ளிணைந்த வரைகலையே தக்கது என்பது என் கருத்து.

செயலியும் வரைகலைச் சில்லும் பெரும்பாலும் அதே குழாய்களையும் விசிறிகளையும் பகிர்ந்துகொள்வதால், ஏஎம்டியின் ஸ்மார்ட்ஷிஃப்ட், என்விடியாவின் டைனமிக் பூஸ்ட் ஆகியவை ஒன்று ஓய்ந்திருக்கும்போது அதன் பங்கை மற்றதற்கு மாற்றித் தருகின்றன. இதை ‘வடிகால் பங்கீடு’ எனலாம். வெப்பத்தால் சில்லு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதற்கு ‘வேகத்தணிவு’ என்பதை முன்மொழிகிறேன். ‘மட்டுப்படுத்தல்’ என்பது வெளியிலிருந்து ஒருவர் செய்வதுபோல் ஒலிக்கிறது. தணிதல் தானாக நிகழ்வது, சூட்டோடு சேர்ந்தும் வழங்குவது.

சொற்களைச் சோதிக்க ஒரு பத்தியைக் கீழே தருகிறேன். பள்ளி மேல்வகுப்பு மாணவர் ஒருவரிடம் விளக்கமின்றிப் படிக்கக் கொடுத்து, எந்த இடத்தில் தடுக்குகிறது என்று எழுதினால் பெரிதும் உதவும்.

“இம்மடிக்கணினியின் வடிகால் அளவு 25 டிகிரி அறையில் 75 வாட். இதில் செயலிக்கு 25 வாட் போக, வரைகலைச் சில்லுக்கு 50 வாட் கிடைக்கும். சில்லின் வரையறுத்த மின்திறன் 115 வாட் வரை இருந்தாலும், இவ்வுடலில் அதை எட்ட முடியாது. நீண்ட நேரம் விளையாடினால் வேகத்தணிவு நேரும்.”