நுனி வெட்டிய கொய்யாவில் கொப்பெல்லாம் நெட்டுக்குத்தலாக ஏறுகிறது. விரிய வைப்பது எப்படி?

செம்மண்காடு, திருமங்கலம்:
லக்னோ 49 கொய்யா, இரண்டு வயசு மரங்கள். 10 அடிக்கு 10 அடி இடைவெளி, சொட்டுநீர். தரையிலிருந்து 2 அடியில் நுனியை வெட்டியதும் வெட்டுக்கு அடியிலேயே நாலு கொப்பு கிளம்பி, நாலும் செங்குத்தாக ஏறிவிட்டன. அதற்குக் கீழே தண்டு மொட்டையாகவே நிற்கிறது. கொப்புகள் பிரியும் கவை ரொம்பக் குறுகல். ஆடிக் காற்றில் இரண்டு மரத்தில் கவையே பிளந்துவிட்டது. தென்னந்தோப்பை ஒட்டிய மேற்கு வரிசை இன்னும் ஒல்லி, இன்னும் உயரம். பக்கத்துக் காட்டில் முருங்கையை நுனி கிள்ளினால் போதும், குடையாக விரிகிறது. கொய்யா மட்டும் ஏன் இப்படி? மறுபடி வெட்டலாமா?

கணுக்கண்:
வெட்டாதீங்க. வெட்டினால் இதே கூத்து ஓரடி மேலே நடக்கும்.

எத்தனை கொப்பு வரும் என்பது ஒரு கணக்கு, எந்தச் சாய்வில் போகும் என்பது வேறு கணக்கு. கத்தரிக்கோல் முதல் கணக்கில்தான் நேராகக் கை வைக்கும்.

நுனிக் குருத்தின் இளம் இலைகளில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் உருவாகி, தண்டு வழியே மணிக்குச் சுமார் 1 செ.மீ. வேகத்தில் கீழே இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை கணுமொட்டுகள் உறங்கும். இவ்வளவுக்கும் அந்த ஆக்சின் மொட்டுக்குள் நுழைவதே இல்லை. தண்டில் ஓடும்போதே, மொட்டை எழுப்பும் சைட்டோகைனின் என்ற ஹார்மோனைக் குறைத்து, அடக்கும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. ஸ்ட்ரைகோலாக்டோனுக்கு இந்த வேலை உண்டு என்பது 2008இல்தான் தெரியவந்தது. 2014இல் பட்டாணியில் செய்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: நுனி போனவுடன் அது இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை மொட்டுகளுக்குத் திரும்புகிறது, அங்கே ஆக்சின் குறையும் முன்பே மொட்டு வளரத் தொடங்கிவிடுகிறது.

வெட்டுக்கு அடியில் உள்ள மூன்று நான்கு மொட்டுகள் முதலில் விழிக்கும். விழித்ததும் அவையே ஆக்சினைக் கீழே அனுப்பும், கீழுள்ளவை திரும்ப அடங்கிவிடும். உங்கள் தண்டு மொட்டையாக நிற்பது அதனால்தான்.

சாய்வு விஷயத்துக்கு வருவோம். தண்டின் உட்புற அடுக்கு ஒன்றில் உள்ள செல்களில் மாவுமணிகள் புவியீர்ப்பால் அடியில் படியும். எது கீழ்ப்பக்கம் என்று கொப்பு அறிவது அதைக் கொண்டுதான். தலைக்கொப்பு இருக்கும் வரை பக்கக் கொப்புகள் ஒரு சாய்வில் நிற்கும். தலை போனால் மேலே உள்ளவை நிமிர்ந்து அந்த இடத்துக்குப் போட்டி போடும். இதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. டாக்1 என்ற மரபணு பழுதான பீச் மரத்தில் எல்லாக் கிளையும் செங்குத்தாகவே போகும்.

மேற்கு வரிசைக்கு வேறு காரணம். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்கு எட்டாத எல்லையில் இருக்கும் தூரச்சிவப்பு ஒளியை விட்டுவிடும். தூரச்சிவப்பின் பங்கு கூடினால், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று செடி கணு இடைவெளியை நீட்டி மேலே ஓடும். வெளிச்சம் வராமல் அந்த வரிசையில் எது செய்தாலும் பாதிப் பலன்தான்.

வாதுக்கயிறு, மேலூர்:
கொப்புகளை வளைத்துக் கட்டுங்க. பென்சில் கனத்திலிருந்து சுண்டுவிரல் கனம் வரை இருக்கும் கொப்பு போதும், அதற்கு மேல் தடித்தால் அடியில் கிழியும். காலையில் கொப்பு நீரேறி விறைப்பாக இருக்கும், முறியும். தண்ணீர் விட்ட நாளைத் தவிர்த்து, பிற்பகலில் வளையுங்க. அடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மெதுவாக இழுக்க வேண்டும்.

செங்குத்து நிலையிலிருந்து 50, 60 பாகை சாய்ந்தால் போதும். ஒரேயடியாகப் படுக்கவைத்தால் வளைவின் முதுகில் நீர்ப்போத்து, அதாவது விறுவிறுவென நிமிர்ந்து ஏறும் வெறும் துளிர், வரிசையாகக் கிளம்பும். கொப்பின் நுனியில் பத்துப் பன்னிரண்டு ஜோடி இலையை விட்டுவிட்டு, கீழே உள்ள இலை, சில்லறைக் கிளை, பிஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்க. நுனி அடியைவிடக் கீழே தொங்கக் கூடாது, தொங்கினால் நுனி சோம்பிவிடும்.

கட்டுவதற்கு வாழை நார் அல்லது துணிக் கிழிசல், இரண்டு விரல் நுழையும் வளையமாக. நைலான் கயிறும் கட்டுக்கம்பியும் பட்டையை அறுத்து கொப்பின் கழுத்தை நெரித்துவிடும். ஒன்றரை அடி முளைக்குச்சியை மரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடித்து அதில் கட்டுங்க.

அவசரப்பட்டு அவிழ்ப்பதுதான் பலர் செய்கிற கோளாறு. சாய்த்த கொப்பு, தன்னை நிமிர்த்திக்கொள்ள மேல்பக்கத்தில் ஒரு தனிவகைக் கட்டையை உருவாக்கும். சுருங்கி இழுக்கிற கட்டை அது. பக்கவாட்டுத் துளிர் நன்றாக வளர்ந்து, கொப்பு அந்தச் சாய்விலேயே தடிக்கும் வரை இரண்டு மூன்று மாதம் கட்டு இருக்கட்டும். ஒன்றை அவிழ்த்துப் பாருங்க. எழும்பினால் திரும்பக் கட்டிவிடுங்க.

கொய்யா புதுத் துளிரின் இலைக்கோணத்தில்தான் பூக்கும். அதனால் கட்டிய கொப்பில் வரும் ஒவ்வொரு துளிரும் காய்க்கு உதவும். இந்தச் சமயத்தில் யூரியாவை அள்ளிப் போட்டால் பூவுக்குப் பதில் போத்துதான்.

செம்மண்காடு:
நன்றி அண்ணே. பிளந்த கவையை என்ன செய்ய? மொட்டைத் தண்டில் கீழே ஒரு கொப்பு வரவைக்க வழி உண்டா?

கணுக்கண்:
குறுகிய கவையில் இரண்டு கொப்பின் பட்டையும் நடுவில் சிக்கிக்கொள்ளும், கட்டையோடு கட்டை சேராது. கயிறு போட்டு இறுக்கினாலும் அது ஒட்டாது. இரண்டில் உள்நோக்கியதை எடுத்துவிடுங்க. அடியில் இருக்கும் வளைய மேட்டை விட்டுவைத்து வெட்டணும். தண்டோடு ஒட்டச் சீவினால் காயம் பெரிதாகும், குச்சி நீட்டி விட்டால் அழுகும். காயத்தில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை பூசுங்க: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் மொத்தம் 10 லிட்டர். தனித்தனியாகக் கரைத்துச் சேருங்க, இரும்புப் பாத்திரம் கூடாது.

கீழே கொப்பு வேண்டுமென்றால், உயிருள்ள கணுமொட்டுக்கு அரை செ.மீ. மேலே, தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குப் பட்டை ஆழம் மட்டும் கீறுங்க. மேலிருந்து வரும் ஆக்சின் அந்த இடத்தில் தடைபடும். மொட்டுக்குக் கீழே கீறினால் பலன் தலைகீழ். தண்டைச் சுற்றிலும் கீறிவிடாதீங்க. கொய்யாவில் கணுவுக்கு இரண்டு மொட்டு எதிரெதிராக இருக்கும்; இரண்டும் எழுந்தால் உள்பக்கத்ததை நகத்தால் தேய்த்துவிடுங்க.

சிறுமலைச்சாரல்:
முருங்கையோடு ஒப்பிடுவது சரிவராது. பி.கே.எம்.1 முருங்கை ரகத்தில் 75 செ.மீ. உயரத்தில் இளங்குருத்தைக் கிள்ளுகிறோம், பிறகு மென்கட்டை காய்ப் பாரத்தில் தானே சாய்கிறது. மதுரை மல்லியைக் கார்த்திகையில் 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டுவதும் புதுத் துளிரின் எண்ணிக்கைக்காக. அங்கே சாய்வு யாருக்கு வேணும்? எல்லாச் செடியும் வளைத்தால் கேட்கும் என்றும் இல்லை. மிளகில் பக்கக் கொடியை வெட்டி நட்டால் அது ஏறவே ஏறாது, புதர் மிளகாகவே நிற்கும். காபியின் பக்கக் கிளையும் அப்படித்தான்.

வாதுக்கயிறு, மேலூர்:
ஒன்று விட்டுப்போச்சு. வளைவின் முதுகில் போத்து வந்தால் கத்தரிக்காதீங்க. அரை அடிக்குள் இளசாக இருக்கும்போது கையால் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடணும். கத்தரித்தால் அடிமொட்டு மிஞ்சி, ஒன்றுக்கு இரண்டாக வரும்.