ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து ரசிகர்களே, ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் அணி மாறும் எந்த ஃப்ரீ ஏஜென்சி இரவு உங்களை இன்னும் விடவில்லை?

ஸ்காபரோ இரவுப்பணி

நானே தொடங்குகிறேன். 2019 ஜூலை 6, விடியப்புறம். ராப்டர்ஸ் என்பிஏ கிண்ணம் வென்று மூன்று கிழமைதான் ஆகியிருந்தது, அந்தக் கதையை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் வெயார்ஹவுஸில் இரவு வேலை. இரண்டு மணி பிரேக்கில் சாப்பாட்டு அறைக்குப் போனேன். எங்களோடு வேலை செய்த ஹமில்ரன் பொடியன் ஒருவன் மைக்ரோவேவ் பக்கத்தில் போனைப் பார்த்தபடி நின்றான். "கிளிப்பர்ஸ்" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எங்கள் நட்சத்திரம் காவாய் லெனார்ட் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார்.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான். "ஷேயையும் ஒக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள்" என்றான். ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் அவனுடைய ஊரில் வளர்ந்த பிள்ளை. ஒக்லஹோமாவின் போல் ஜோர்ஜைக் காவாயோடு சேர்ப்பதற்காகக் கிளிப்பர்ஸ் கொடுத்த விலை ஷே, கலினாரி, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஐந்து முதல் சுற்று பிக். நாங்கள் காவாயைப் பற்றியே கத்திக்கொண்டிருந்தோம். இந்தப் பொடியனுக்கு மட்டும் கண் கலங்கியிருந்தது. 2025இல் ஷே எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) விருது வாங்கி ஒக்லஹோமாவுக்குக் கிண்ணமும் வென்றபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த முகம். அவன் வேலையை விட்டுப் போய்க் கனகாலம். எங்கே இருக்கிறானோ தெரியாது.

டவுன்டவுன் சமையலறை

அண்ணை, எல்லோரும் காவாய் போன இரவையே சொல்கிறீர்கள். எனக்கு அதைவிட முன்னால் வந்த நாட்கள்தான் மோசம்.

ஜூலை 3, நான் வேலை செய்த உணவகத்தில் மத்தியான நேரம். தொலைக்காட்சியில் ஹெலிகொப்டர் காட்சி ஓடுகிறது. பியர்சன் விமான நிலையத்திலிருந்து இரண்டு கறுப்பு எஸ்யூவி டவுன்டவுன் நோக்கி வருகின்றன, உள்ளே காவாய் என்கிறார்கள். செய்தி வாசிப்பவர் வண்டி எந்தத் தெருவில் திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டே வருகிறார். எங்கள் முதலாளி கரண்டியோடு வந்து கவுண்டர் முன்னால் நின்றுவிட்டார். பொரித்துக்கொண்டிருந்த இறால் கருகிப் புகை வருகிறது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாரம் ஊரே அப்படித்தான் இருந்தது. காவாய் இங்கேயே இருந்தால் இலவசச் சாப்பாடு என்று கடைகள் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள்.

அந்தக் காத்திருப்புக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜூன் 30 மாலை ஆறு மணிக்குச் சந்தை திறந்தது. முதல் இரவிலேயே டுரான்ட், கைரி, கெம்பா, பட்லர் எல்லாம் முடிந்தது. அவர்கள் நமக்கு எட்டாதவர்கள், சரி. ஆனால் போயான் பொக்டனோவிச் யூட்டாவுக்குப் போனார், ஜேஜே ரெடிக் நியூ ஒர்லியன்ஸுக்குப் போனார். வெளியிலிருந்து சுடக் கூடியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் டானி கிரீனும் காவாயின் முடிவுக்காகக் காத்திருந்தார். முடிவு தெரிந்ததும் லேக்கர்ஸோடு 2 ஆண்டு, 30 மில்லியன். ஒரே இரவில் தொடக்க ஐவரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். கடைசியில் எடுத்தது ஸ்டான்லி ஜோன்சனையும் ரொண்டே ஹொலிஸ்-ஜெஃபர்சனையும்.

எக்ளின்டன் 34

@டவுன்டவுன் சமையலறை, காத்திராமல் வேறு என்ன செய்திருக்க முடியும்? ரொறன்ரோவால் காவாய்க்கு 5 ஆண்டுக்கு ஏறக்குறைய 190 மில்லியன் கொடுக்க முடியும், மற்றவர்களால் 4 ஆண்டுக்கு 141தான். அந்த வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரெடிக் பின்னால் ஓடச் சொல்கிறீர்களா? அந்தக் காத்திருப்பில் ஒரு பிழையும் இல்லை. அடுத்த சீசன் 53 வெற்றி, 19 தோல்வி. நிக் நர்ஸ் அந்த வருடத்தின் சிறந்த பயிற்சியாளர். யாரும் அழியவில்லை.

என் அனுபவம் சின்னது. கிண்ண ஊர்வலத்தன்று சனக்கூட்டத்தில் நசிபட்டு நின்றபோது பக்கத்தில் ஒரு வயதான அம்மா "இந்தப் பிள்ளை நிற்பானா, போவானா" என்று என்னிடம் கேட்டார். பஸ்ஸின் மேல் காவாய் சுருட்டுப் புகைத்தபடி போகிறார், கீழே இந்தக் கேள்வி. நான் "நிற்பார் அம்மா" என்றேன்.

அண்ணா நகர் காலை ஆட்டம்

நான் சென்னை. உங்கள் ஊர் ஆட்டங்கள் எங்களுக்குக் காலைக் காபியோடு வரும். எனக்கு நெருடுவது 2020.

அந்த நவம்பரில் இபாக்கா கிளிப்பர்ஸ், மார்க் கசோல் லேக்கர்ஸ். கிண்ணம் வென்ற அணியின் இரண்டு சென்டர்களும் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான வீரர்கள்) ஒரே வாரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார்கள். பதிலுக்கு ஏரன் பெயின்ஸும் அலெக்ஸ் லென்னும். கொரோனாவால் எல்லை மூடியிருந்ததால் டொராண்டோ அணி சொந்த ஊரிலேயே ஆட முடியாமல் அமெரிக்காவின் டாம்பாவில் போய் உட்கார்ந்திருந்தது. முதல் ஆட்டம் நியூ ஆர்லியன்ஸிடம் தோல்வி.

அந்த சீசனில் ஒரு நாள் அப்பா பேப்பரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு பாஸ்கெட்பால் தெரியாது. லோரி கூடைக்குக் கீழே அழகான பாஸ் ஒன்று போட்டார். பெயின்ஸ் இரண்டு கையாலும் பிடிக்கப் போனார், பந்து விரலில் பட்டு வெளியே போனது. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏம்பா, இவ்வளவு உயரமான ஆளுக்குப் பந்தைப் பிடிக்கத் தெரியாதா?" என்று கேட்டார். கசோல் கையில் அதே பந்து வந்தால் அடுத்த நொடி மூலையில் நிற்பவரிடம் போயிருக்கும். அதை அப்பாவுக்கு விளக்க வார்த்தை வரவில்லை. 27-45 என்று முடிந்தது.

மார்க்கம் கணக்கர்

பெயின்ஸைத் திட்டுவதை நிறுத்துங்கள். பீனிக்ஸில் அதற்கு முந்தைய வருடம் நன்றாகவே ஆடினார். அவர் இரண்டாவது சென்டராக இருக்க வேண்டியவர், முதல் ஆளாக நிறுத்தியது அவர் பிழையல்ல. 2021 கோடையில் மில்வாக்கி நட்சத்திரம் ஜியானிஸ் சந்தைக்கு வருவார் என்று சம்பள இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள் என்பதுதான் அப்போது எல்லோரும் எழுதியது. அதனால்தான் இபாக்காவுக்கு ஓராண்டுக்கு மேல் போகவில்லை. சீசன் தொடங்க முன்பே, 2020 டிசம்பரில், ஜியானிஸ் மில்வாக்கியிலேயே 5 ஆண்டுக்கு 228 மில்லியன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இங்கே பலர் "காவாய் போனால் அந்தக் காசுக்கு வேறொருவரை எடுக்கலாமே" என்ற எண்ணத்தோடு எழுதுவதால் ஒன்று சொல்கிறேன். அப்படி எடுக்க முடியாது. 2019-20க்கு சம்பள உச்சவரம்பு 109 மில்லியன். லோரி, கசோல், இபாக்கா மூவரின் சம்பளமே 80 மில்லியனைத் தாண்டும். மற்றவர்களைக் கூட்டினால் காவாய் இல்லாமலே வரம்பு நிறைந்துவிடும். சொந்த வீரரை வைத்துக்கொள்ள மட்டும் வரம்பைத் தாண்டலாம், அதுதான் பேர்ட் உரிமை. வீரர் போனால் அந்த உரிமையும் அவரோடு போய்விடும், அந்தக் காசு பைக்குள் மிஞ்சாது. பிறகு கையில் இருப்பது மிட்லெவல் போன்ற சின்ன விலக்குகள், இல்லாவிட்டால் குறைந்தபட்சச் சம்பளம்.

ஆகவே ஒவ்வொரு கோடையிலும் ஃப்ரீ ஏஜென்ட் பட்டியலை எடுத்து நட்சத்திரங்களை வட்டம் போடுவதை விடுங்கள். முதலில் அணியின் சம்பளக் கணக்கைப் பாருங்கள். வரம்புக்கு மேலே நிற்கிறதா, கீழேயா? மேலே என்றால் பட்டியலின் மேல் பாதியை மடித்து வைத்துவிடுங்கள். பிறகு எந்த இடத்தில் இரண்டாவது ஆள் இல்லை என்று பாருங்கள். அநேகமாக சென்டரோ, பந்தைக் கொண்டுபோகும் கார்டோதான். அதற்குப் பிறகுதான் பெயர். டிராஃப்டில் எவரும் எடுக்காத வான்வ்லீட்டையும் டெரன்ஸ் டேவிஸையும் தேடிப் பிடித்த அணி இது. பெரிய பெயர்கள் சந்தையிலிருந்து இங்கே வருவது குறைவு. காவாய் வந்ததும் ட்ரேடில்தான், டெரோசானைக் கொடுத்து.

என் சொந்தக் கதை கேட்டால், இபாக்கா போன செய்தி வந்த அன்று மனிசி "அவரும் போய்விட்டாரா" என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தார். அவ்வளவுதான்.

பிராம்ப்டன் அம்மா

கணக்கர் அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் 2023க்கு என்ன பதில்?

ஜூன் 30. என் மகளுக்கு வான்வ்லீட் என்றால் உயிர். 23ஆம் இலக்கச் சட்டையைத் தோய்க்கக்கூடத் தர மாட்டாள். ஹூஸ்டன் 3 ஆண்டுக்கு 130 மில்லியன் அளவில் கொடுக்கிறது என்று செய்தி வந்தபோது அவள் சட்டையோடு சோபாவில் இருந்தாள். "அவருக்குப் பதிலாக எங்களுக்கு யார் வருகிறார்?" என்று கேட்டாள். ட்ரேட் என்றாலே இரண்டு பக்கமும் ஏதாவது கிடைக்கும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். இது ட்ரேட் இல்லை, ஒருவரும் வரமாட்டார் என்று சொன்னேன். "ஒருவருமா?" என்று திரும்பக் கேட்டாள். அந்தக் குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு மிட்லெவலில் டென்னிஸ் ஷ்ரூடர் வந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பெப்ரவரியிலேயே வான்வ்லீட்டை ட்ரேட் செய்து எதையாவது வாங்கியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு முதல் சுற்று பிக் கொடுத்து சென்டர் போல்டலை வாங்கினார்கள்.

எக்ளின்டன் 34

அக்கா, போல்டலை வாங்கியது சரியான வேலை. பெயின்ஸ் காலத்திலிருந்து அந்த ஓட்டை அடைபடவே இல்லை. போன வான்வ்லீட்டைப் பற்றி மட்டும் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்த அடி நல்ல பாடமானது. அனுனோபியும் சியாகமும் 2024இல் ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் நிலையில் இருந்தார்கள். ஒருவரை 2023 டிசம்பர் 30இல் நியூயோர்க்குக்குக் கொடுத்து குயிக்லியையும் நம்ம மிசிசாகா பாரெட்டையும் எடுத்தார்கள், மற்றவரை ஜனவரியில் இந்தியானாவுக்குக் கொடுத்து மூன்று முதல் சுற்று பிக் வாங்கினார்கள். வெறுங்கையோடு விடவில்லை.

பிராம்ப்டன் அம்மா

அது தெரியும் தம்பி. ஜூனுக்கு முன்னால் அந்த யோசனை ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி. குயிக்லியை அவளுக்குப் பிடிக்கும், ஆனால் இன்னொரு வீரரின் சட்டை வேண்டாம் என்கிறாள்.