கால்பந்து நாக்-அவுட்டில் சமநிலை: எக்ஸ்ட்ரா டைம் 5+5 வைக்கலாமா?

கேள்வி (கீழக்கரைக் களம்):
அண்ணாச்சிகளா, ஞாயித்துக்கிழமை நம்ம பாளை பக்கம் செமி பைனல். 25+25 நிமிஷம், சாயங்காலம் 5 மணிக்கு ஆரம்பம், கிரவுண்டுல லைட் கிடையாது. சமநிலையானா எக்ஸ்ட்ரா டைம் (கூடுதல் ஆட்ட நேரம்) 15+15 வச்சே ஆகணுமா? கமிட்டிப் பெரியவரு ஒருத்தரு, முதல்ல கோல் போட்டவன் ஜெயிச்சான்னு வைக்கச் சொல்லுதாரு.

விசில்காரன்:
15 நிமிஷம்ங்கிறது உச்ச வரம்பு. ரெண்டு பாதியும் சமமா இருந்தா 5+5 போதும். 5 மணிக்குத் தொடங்கினா, பாதி நேர இடைவேளை அஞ்சு நிமிஷம் சேர்த்து 5.55க்கு முடியும், காயத்துக்கு விட்ட நேரம் சேர்த்து 6. இன்னொரு அஞ்சு நிமிஷ இடைவேளை, பக்கம் மாற ரெண்டு நிமிஷம் சேர்த்து எக்ஸ்ட்ரா டைம் முடிய 6.17. அப்புறம் பெனால்டிக்கு (ரெண்டு டீமும் மாறி மாறி, கோல்கீப்பர் மட்டும் தடுக்க, கோல் அடிக்கிறது) பத்துப் பன்னிரண்டு நிமிஷம். கார்த்திகை, மார்கழின்னா பந்தே தெரியாது. எக்ஸ்ட்ரா டைமைத் தூக்கிட்டு நேரா பெனால்டிக்குப் போங்க, விதி அதுக்கும் இடம் கொடுக்கு. எதுன்னாலும் ஆட்டத்துக்கு முன்னாடியே எழுதி ரெண்டு கேப்டன்கிட்டயும் கையெழுத்து வாங்கிருங்க.

பெரியவர் சொல்லுறது கோல்டன் கோல். 2000 யூரோ (ஐரோப்பிய நாடுகளோட கோப்பை) பைனல்ல ட்ரெஸகே அடிச்சு பிரான்ஸ் ஜெயிச்சது அப்படித்தான். 2004 யூரோவுக்கு அப்புறம் விதியிலேயே இல்ல.

பழைய டிஃபெண்டர்:
1968 யூரோ செமியில இத்தாலியும் சோவியத்தும் கோல் இல்லாம முடிச்சு, காசைச் சுண்டித்தான் இத்தாலி பைனலுக்குப் போச்சு. பெரியவர் காதுல இதைப் போட்டுராதீங்க!

கீழக்கரைக் களம்:
ஒரு டீமுல ஒருத்தன் ரெட் கார்டு வாங்கி 10 பேர் ஆயிட்டா, பெனால்டிக்கு?

விசில்காரன்:
எதிர் டீமும் ஒருத்தரைக் குறைக்கணும். யாருன்னு பேரும் நம்பரும் ரெஃப்ரிகிட்ட சொல்லணும். இல்லன்னா 11 பேர் உள்ள டீமுல மோசமா அடிக்கிற பதினோராவது ஆள் முறை வரும்போது, 10 பேர் டீம் நல்லா அடிக்கிறவனை ரெண்டாம் சுத்துக்குக் கொண்டுவந்துரும். எல்லாரும் ஒருக்கா அடிச்ச பிறகுதான் அடுத்த சுத்துங்கிறதால வார சிக்கல் இது.

நிறைய பேர் கோட்டை விடுறது இன்னொண்ணு. கடைசி விசில் ஊதும்போது ஆட்டத்துல இருந்தவன்தான் பெனால்டி அடிக்கலாம். பெனால்டிக்குன்னு வச்சிருக்கிற ஆளை விசிலுக்கு முன்னாடியே இறக்கிருங்க. அப்புறம் மாத்தணும்னா அடிபட்ட கோல்கீப்பருக்கு மட்டுந்தான். முன்னாடி வாங்குன மஞ்சள் கார்டு பெனால்டிக்குத் தொடராது.

பெனால்டிக்கு டாஸ் ரெண்டு. முதல்ல எந்தப் போஸ்ட்டுன்னு, அடுத்து யார் முதல்ல அடிக்கன்னு. ஒரு போஸ்ட் பக்கம் மழைத்தண்ணி நின்னா, முதல் டாஸ் போடாம ரெஃப்ரியே மத்த போஸ்ட்டைச் சொல்லிரலாம்.